சீட்டா: வொண்டர் வுமனின் சபிக்கப்பட்ட எதிரி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வொண்டர் வுமன் காமிக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் சீட்டாவைப் பற்றி ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். கதை முடிச்சுகள் எல்லாம் இங்கே அவிழ்க்கப்படும். தெரிந்துகொள்ள வேண்டாம் என்பவர்கள் ஏழாவது கேள்வியை (படிக்கும் வரிசை) மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்.

1. சீட்டான்னா யாரு? பேட்மேனுக்கு ஜோக்கர் மாதிரி டயானாவுக்கு இவளா?

கிட்டத்தட்ட அப்படித்தான். டயானாவின் (வொண்டர் வுமனின் இயற்பெயர் அது) எதிரிகளில் போர்க்கடவுள் ஏரீஸ், சூனியக்காரி சிர்சி போன்றவர்கள் கிரேக்கப் புராணத்திலிருந்து வந்தவர்கள். சீட்டா அப்படியில்லை. அவள் சாதாரண மனுஷியாக இருந்து, ஒரு சாபத்தால் பாதிப் பெண்ணாகவும் பாதி விலங்காகவும் ஆனவள். இன்றைய கதைகளில் அவள் பெயர் பார்பரா ஆன் மினெர்வா, தொழில் தொல்லியல்.

ஜோக்கரோடு ஒப்பிடுவது ஓர் இடத்தில் மட்டும் உதைக்கும். ஜோக்கரைத் திருத்தலாம் என்று பேட்மேன் கதை படிக்கிற யாரும் பெரிதாக நம்புவதில்லை. சீட்டாவைத் திருத்த முடியுமா என்பதுதான் டயானா கதைகளின் மையக் கேள்வியே.

2. விக்கியில பாத்தா நாலஞ்சு சீட்டா இருக்காங்க. தலை சுத்துது. யார் யாரு?

முதல் சீட்டா ப்ரிசில்லா ரிச். 1943இல் வொண்டர் வுமன் 6ஆம் இதழில் வில்லியம் மோல்ட்டன் மார்ஸ்டனும் ஓவியர் ஹெச்.ஜி. பீட்டரும் உருவாக்கியவள். பணக்கார வீட்டுப் பெண். ஒரு நன்கொடை நிகழ்ச்சியில் தனக்கு வர வேண்டிய கவனமெல்லாம் வொண்டர் வுமன் பக்கம் போனதும் பொறாமையில் உடைந்துபோகிறாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்தால் அதில் தெரிவது அவள் முகமில்லை. சீட்டாத் தோல் போர்த்திய இன்னொருத்தி. தரையில் கிடக்கும் தோல் விரிப்பை வெட்டி உடையாகத் தைத்துக்கொள் என்று அந்த உருவம் கட்டளையிடுகிறது. இங்கே சாபமும் கிடையாது, சக்தியும் கிடையாது. உடைந்த மனம், ஓர் உடை, அவ்வளவுதான்.

இரண்டாமவள் டெபோரா டொமைன், ப்ரிசில்லாவின் மருமகள் (niece; மகன் மனைவி இல்லை). 1980இல் வந்தாள்; கோப்ரா என்ற வில்லன் கூட்டத்தின் தலைவன் அவளை மூளைச்சலவை செய்து சீட்டாவாக்குகிறான். மூன்றாமவள்தான் பார்பரா ஆன் மினெர்வா, 1987. நான்காவதாக, 2001இல் செபாஸ்டியன் பலெஸ்டெரோஸ் என்ற ஆண் (9ஆம் கேள்வியைப் பாருங்கள்). சாபம் என்ற பேச்சு வருவது பார்பராவிலிருந்துதான். இனி இங்கே சீட்டா என்றால் அவளையே குறிக்கும்.

3. சாபம் சாபம்னு சொல்றாங்களே, சரியா என்ன சாபம்?

லென் வீன், ஜார்ஜ் பெரெஸ் இருவரும் 1987இல் அமைத்த கதை இது. பார்பராவின் அகழாய்வுக் குழு ஆப்பிரிக்காவில் ஒரு பழங்குடியைச் சந்திக்கிறது. அந்த இனத்துக்குக் காவலாக சீட்டாவின் சக்தி கொண்ட ஒரு பெண் இருக்கிறாள். கொள்ளையர்கள் தாக்கியதில் அந்தக் காவல்காரியும் குழுவில் பெரும்பாலோரும் சாகிறார்கள். காவல்காரியின் இடத்துக்கு வந்தால் சாவே கிடையாது என்று ச்சூமா என்ற பூசாரி ஆசை காட்ட, பார்பரா ஒப்புக்கொள்கிறாள்.

சக்தி வரும் வழி: உர்ஸ்கார்ட்டாகா என்ற செடித் தெய்வத்தின் காயையோ இலையையோ மனித ரத்தத்தோடு சேர்த்து உட்கொள்ள வேண்டும். சிக்கல் இதுதான். அந்த இடத்துக்கு வருகிறவள் கன்னியாக இருக்க வேண்டும், பார்பரா அப்படியில்லை. அதனால் வரம் கோணிப்போகிறது. சீட்டா உருவில் இருக்கும்போது ரத்தவெறியும் பரவசமும். மனித உருவுக்குத் திரும்பினால் தாங்கமுடியாத வலியும் முடங்கிய உடலும். பாதி வரம், பாதி சாபம்.

பெண்ணின் கற்பை அளவுகோலாக வைத்துத் தண்டிக்கும் இந்த விதி அன்றைக்கே பழையது. இன்று படிக்கும்போது இன்னும் நெருடும். பின்னால் வந்தவர்கள் இதைத் தட்டிக் கேட்டார்கள்.

4. அவளே விரும்பித்தானே குடிச்சா? அப்புறம் எப்படி அது சாபம் ஆகும்?

நல்ல கேள்வி. முப்பது வருஷத்துக்கு மேலாக எழுத்தாளர்களைப் பிரிக்கும் கேள்வியும் இதுதான். 1987 வடிவில் நீங்கள் சொல்வது சரி. அவள் பேராசைக்காரி; தெரிந்தே ரத்தத்தைத் தொட்டவள். சாபம் அவளைக் கெட்டவளாக்கவில்லை, கெட்டவளுக்கு நகம் கொடுத்தது.

2012இல் ஜெஃப் ஜான்ஸ் ஜஸ்டிஸ் லீக் 13, 14ஆம் இதழ்களில் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். அங்கே டயானா தன் தோழியைச் சாபத்திலிருந்து மீட்கப் போகிறாள். அங்குள்ள பழங்குடியினர் சொல்வதோ நேர் எதிர்: சீட்டா என்பது புனிதமான வேட்டைத் தெய்வம், தெய்வம் பார்பராவைக் கெடுக்கவில்லை, பார்பராதான் தெய்வத்தைக் கெடுத்துவிட்டாள். திருப்பம் சாமர்த்தியமானதுதான். ஆனால் அதோடு கதை முடங்கிவிடுகிறது. மீட்க எதுவுமே இல்லாதவளை டயானா ஏன் தேடிப் போக வேண்டும்?

2016இல் கிரெக் ரக்கா எடுத்த வழி வேறு. பார்பராவைப் பிடித்தது பேராசை இல்லை, கைவிடப்பட்டோம் என்ற எண்ணம். 6ஆம் கேள்வியில் விரிவாக இருக்கிறது. எங்கள் பார்வையில் மூன்றில் இதுவே வலுவானது.

5. டயானாமேல அவளுக்கு என்ன தனிப்பட்ட கோபம்?

1987இல் தனிப்பட்ட கோபமே கிடையாது. அவளுக்கு வேண்டியது டயானாவின் உண்மைக் கயிறு, அதாவது லாசோ. தொல்பொருள் சேகரிக்கும் வெறியில், அதை எப்படியாவது அடைய வேண்டும் என்று நினைக்கிறாள். பூமித் தாய் கையாவின் இடைக்கச்சையிலிருந்து உருவானது லாசோ; அந்தக் கச்சைக்கு ஜோடி ஒன்று தன்னிடம் இருப்பதாக டயானாவிடம் பொய் சொல்லி வரவழைக்கிறாள். ஆனால் லாசோ கையில் பட்டதும் பொய் வெளியே வந்துவிடுகிறது. மனிதர்களை முழுதாக நம்பிப் பழகிய டயானா அந்த இடத்தில் நொறுங்கிப்போகிறாள். அதே பெண் 9ஆம் இதழில் சீட்டாவாக வந்து பாய்கிறாள்.

சண்டையைவிட அந்த ஏமாற்றக் காட்சிதான் அடித்தளம். வெளியுலகில் ஒரு மனுஷி டயானாவுக்குக் கொடுத்த முதல் பெரிய அடிகளில் அது ஒன்று.

6. புதுக் கதைல ரெண்டு பேரும் தோழிங்கனு சொல்றாங்க. எப்போ தோழி ஆனாங்க?

2012 கதையிலேயே தோழி என்று வந்துவிட்டது. அந்த நட்பு விரிவாக வருவது 2016இல் புதிதாகத் தொடங்கிய 'ரீபர்த்' தொடரில். டயானா அமெரிக்கா வந்து சேரும்போது அவளுக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. அவளோடு பேச ராணுவம் அழைத்துவரும் ஆராய்ச்சியாளர்தான் டாக்டர் பார்பரா ஆன் மினெர்வா. அமேசான்கள் (கிரேக்கப் புராணத்தின் போர்வீராங்கனைகள், டயானாவின் இனம்) உண்மையில் இருந்தார்கள் என்று நம்பித் தேடிக்கொண்டிருந்தவள் முன்னால் ஓர் அமேசானே உட்கார்ந்திருக்கிறாள். நிக்கோலா ஸ்காட் வரைந்த அந்தப் பக்கங்களில் பார்பராவின் முகத்தைக் கவனியுங்கள். பேராசை துளியும் இல்லை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் சந்தோஷம்.

பிறகு அவள் உர்ஸ்கார்ட்டாகாவைத் தேடிப் போகிறாள். ஆபத்து வந்தால் கூப்பிட டயானா ஒரு கருவி கொடுத்து அனுப்புகிறாள். பார்பரா கூப்பிட்டாள், டயானா வரவில்லை. ஏன் வரவில்லை என்பது பிறகுதான் தெரியும்: வெரோனிகா கேல் என்ற தொழிலதிபரும் அவளுடைய கூட்டாளி டாக்டர் சைபரும் அந்த சிக்னலை மறித்துவிட்டார்கள். கேலும் தன் விருப்பத்தில் செய்யவில்லை. அவள் மகளின் ஆன்மாவை ஏரீஸின் பிள்ளைகள் ஃபோபோஸும் டெய்மோஸும் பிடித்துவைத்து மிரட்டுகிறார்கள். பார்பராவுக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கூப்பிட்டேன், அவள் வரவில்லை.

7. அந்த 2016 தொடரைப் படிக்க ஆரம்பிச்சேன், ஒண்ணுமே புரியல. ஒரு இதழ்ல மிருகம், அடுத்ததுல மனுஷி. பிரிண்ட் தப்பா?

தப்பில்லை. தொடர் மாதம் இருமுறை வந்தது. இரண்டு கதைகள் மாறி மாறி ஓடின. ஒற்றைப்படை எண்கள் நிகழ்காலம் (லியாம் ஷார்ப் ஓவியம்). இரட்டைப்படை எண்கள் கடந்தகாலம் (முதலில் நிக்கோலா ஸ்காட், பிறகு பில்கிஸ் எவ்லி). வரிசையாக 1, 2, 3 என்று புரட்டினால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வருடங்கள் தாண்டும்.

புதியவர்களுக்கு எளிய வழி தொகுதிகளாகப் படிப்பது: முதல் தொகுதி 'த லைஸ்' (1, 3, 5, 7, 9, 11), இரண்டாவது 'இயர் ஒன்' (2, 4, 6, 10, 12, 14, இடையில் 8), மூன்றாவது 'த ட்ரூத்' (13இல் தொடங்கும் ஒற்றைப்படைகள்), நான்காவது 'காட்வாட்ச்' (16, 18, 20, 22, 24). இதில் 8ஆம் இதழ் தனி: முழுக்கவும் பார்பராவின் கதை. சீட்டாவுக்காக மட்டும் படிப்பவர்கள் அதைத் தவறவிட்டால் பாதி போச்சு. முடிச்சு தெரியாமல் படிக்க ஆசை என்றால் தொகுதி எண் வரிசையிலேயே போங்கள். காலவரிசைதான் வேண்டும் என்று 'காட்வாட்ச்'சை முன்னால் இழுத்தால், கதையின் முக்கிய முடிச்சு முதலிலேயே தெரிந்துவிடும். 'த லைஸ்' சப்பென்று ஆகிவிடும்.

பழைய இதழ் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தத் தலைப்பு பலமுறை 1ஆம் இதழிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறது. '7ஆம் இதழ்' என்று மட்டும் கேட்டால் வேறு ஏதோ கைக்கு வரும். 1987இன் 7இல்தான் பார்பரா முதலில் தோன்றுகிறாள்; 2016இன் 7இல் நடப்பது வேறு கதை. ஆண்டைச் சேர்த்துக் கேளுங்கள்.

8. டயானாவோ பறக்கிறவ, மலையைத் தூக்கறவ. ஒரு சீட்டா நகத்தால என்ன செஞ்சுட முடியும்?

பெரெஸ் காலத்திலிருந்து டயானாவின் உடலுக்கு ஒரு விதி உண்டு. மொத்தமாக மோதுகிற அடியைத் தாங்குவாள்; கூர்மையாகக் குத்துவதோ கிழிப்பதோ அவளைக் காயப்படுத்தும். குண்டுகளைக் கைக்காப்பால் தட்டிவிடுவதும் அதனால்தான். சீட்டாவின் ஆயுதமே நகமும் பல்லும்; கூடவே வேகம். சூப்பர்மேன் குத்தைத் தாங்கும் உடல் சீட்டாவின் நகத்தில் கிழிகிறது.

ஓவியருக்கும் இது வசதி. லியாம் ஷார்ப் வரைந்த காட்டுச் சண்டையில் சீட்டா நேரே ஓடி வருவதில்லை. கொடிக்குள்ளிருந்து வாலும் புள்ளியும் முதலில் தெரியும், முகம் பிறகு.

9. ஆண் சீட்டா ஒருத்தன் வந்தானாமே?

செபாஸ்டியன் பலெஸ்டெரோஸ், அர்ஜென்டினா தொழிலதிபர். ஃபில் ஜிமெனெஸ் எழுதிய காலத்தில் வந்தவன். பெண்ணைவிட ஆணே உனக்கு நல்ல வாகனம் என்று உர்ஸ்கார்ட்டாகாவிடம் பேரம் பேசி பார்பராவின் சக்தியைப் பறித்துக்கொள்கிறான். பார்பரா பிறகு அவனைக் கொன்று சக்தியை மீட்டுக்கொள்கிறாள். கதை ரொம்ப நிலைக்கவில்லை. ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது: இவ்வளவு வலி தரும் சாபத்தை இன்னொருவன் எடுத்துப்போனபோது பார்பரா 'அப்பாடா' என்று விடவில்லை. திரும்பப் பெறக் கொலை செய்தாள். 4ஆம் கேள்விக்கு அவளே சொல்லும் பதில் அது.

10. 2020 படத்துல சாபமே இல்லையே, வரம் கேட்டுத்தானே மாறுறா? எது சரி?

இரண்டும் தனித்தனிக் கணக்கு. 'வொண்டர் வுமன் 1984' படத்தில் கிறிஸ்டன் விக் நடித்த பார்பரா, ஆசையை நிறைவேற்றும் கல்லிடம் டயானாவைப் போல ஆக வேண்டும் என்று கேட்கிறாள். பிறகு வில்லன் மேக்ஸ் லார்டின் மூலம் இன்னும் மேலே போகிறாள். உர்ஸ்கார்ட்டாகாவும் இல்லை, ஆப்பிரிக்காவும் இல்லை. யாரும் திரும்பிப் பார்க்காத அலுவலகப் பெண் டயானாமேல் கொள்ளும் பொறாமை, 1943 ப்ரிசில்லாவின் பொறாமைக்குத்தான் பக்கம். பெயர் பார்பரா, உள்ளே ப்ரிசில்லா.

11. வெள்ளைக்காரி ஆப்பிரிக்கா போய் பழங்குடி சாமியால மிருகமாகிறா... இது கொஞ்சம் இனவாதமா இல்லையா?

இருக்கிறது, மழுப்ப வேண்டியதில்லை. 'இருண்ட கண்டத்தில் ரத்தம் கேட்கும் சாமி' என்பது காலனிய சாகசக் கதைகளின் பழைய சரக்கு. 1987 கதை அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பழங்குடி மக்கள் சாக, கதை ஓர் ஆங்கிலேயச் சீமாட்டியின் வலியைப் பின்தொடர்கிறது. உர்ஸ்கார்ட்டாகா முழுக்கக் கற்பனைப் பெயர்; எந்த ஆப்பிரிக்க மரபிலும் தேடாதீர்கள். 2012 கதையில் சான் மக்களின் பெயரைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உண்மையில் வாழ்கிறவர்கள். மரியாதையாகப் பேச வைத்தாலும், நிஜ மக்கள்மேல் கற்பனைச் சாமியை ஏற்றுவது கூடுதல் சிக்கல்.

2016 கதை ப்வுண்டா என்ற கற்பனை நாட்டில் நடக்கிறது. அங்கே உர்ஸ்கார்ட்டாகா வணங்கத்தக்க தெய்வமாக இல்லை. பெண்களை அடிமையாக்கப் பார்க்கிறவன். அவனை வரவழைக்கத் துடிக்கும் கடூலோ என்ற படைத்தலைவன் ஊர்ப் பெண்களைக் கடத்தி வைத்திருக்கிறான். 3ஆம் கேள்வியில் சொன்ன கற்பு விதிக்கு இது நேரடி எதிர்வினை. பிரச்சினை முழுக்கத் தீர்ந்ததா என்றால் இல்லை. களம் இன்னும் 'ஆபத்தான ஆப்பிரிக்கக் காடு'தான்.

12. 2016ல சாபம் நீங்கிடுச்சே. அப்புறம் எதுக்கு மறுபடி சீட்டா ஆனா? ரசிகருக்காகவா?

வணிகக் காரணம் இல்லாமல் இருக்காது. பெரிய வில்லியை எந்த நிறுவனமும் ரொம்ப நாள் சும்மா விடாது. ஆனால் கதைக்குள்ளேயும் காரணம் வைத்தார்கள். முதலில் ஒப்பந்தம்: அமேசான்களின் தீவான தெமிஸ்கிராவுக்கு வழி தேட பார்பரா உதவ வேண்டும்; பதிலுக்கு உர்ஸ்கார்ட்டாகாவை ஒழிக்க டயானா உதவுவாள். 7ஆம் இதழில் சாபம் உடைந்து பார்பரா மனித உடலோடு எழுகிறாள்.

பிறகு 'த ட்ரூத்' பகுதியில், அமேசான்களின் தீவுக்கு வழி தேடும் வெரோனிகா கேல் அவளை நெருக்குகிறாள். அந்த நெருக்கடியில் பார்பரா மறுபடி சீட்டா ஆகிறாள். முதல் தடவையும் கேல், இரண்டாம் தடவையும் கேல். இரண்டு தடவையும் டயானா பக்கத்தில் இல்லை. இதற்குப் பிறகு 'டயானா என் தோழி' என்று பார்பராவால் சொல்ல முடியாமல் போவதில் நியாயம் இருக்கிறது.

13. அப்போ அவ செய்யற கொலைக்கெல்லாம் சாபம்தான் பொறுப்பா? அவளுக்குத் தண்டனை கிடையாதா?

எந்த வடிவம் என்பதைப் பொறுத்தது. 1987: அவளே பொறுப்பு. 2012: முழுக்க அவளே. 2016: மனித இறைச்சிமேல் பசி வருவது சாபத்தால், அந்தப் பசியை நினைத்து அவளே அருவருப்படைகிறாள். அங்கே பொறுப்பு பங்காகிறது. 2018க்குப் பிறகு வந்த கதைகளில் அவள் லெக்ஸ் லூத்தரின் லீஜன் ஆஃப் டூம் என்ற வில்லன் கூட்டத்தில் இருக்கிறாள். 2019இல் கடவுளையே கொல்லும் வாளை லூத்தரிடம் வாங்கி, காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியை வீழ்த்துகிறாள். அதைப் பசியின் கணக்கில் எழுத முடியாது. தெய்வங்கள்மேல் அவளுக்கு இருக்கும் கோபம் நியாயம், செய்கை அவளுடையது.

குழப்பம் வரும் இடம் இதுதான்: ஒரு வடிவத்தில் படித்த இரக்கத்தை இன்னொரு வடிவத்தின் குற்றத்துக்கு ஜாமீனாக வைப்பது. எந்த ஆண்டுக் கதை என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

14. மேக்ஸ் லார்டைக் கழுத்தைத் திருகிக் கொன்ன டயானா, சீட்டாவை மட்டும் ஏன் விடறா?

2005இல் லார்டைக் கொன்றபோது, அவன் சூப்பர்மேனின் மனத்தைப் பிடித்துவைத்திருந்தான். எப்படி நிறுத்துவது என்று லாசோவால் கட்டிக் கேட்டபோது, 'என்னைக் கொல்' என்பதே அவன் பதில். வேறு வழி இல்லை என்று லாசோவே சொல்லிவிட்ட நிலை அது. சீட்டா விஷயத்தில் வழி உண்டு. 2016இல் ஒருமுறை அது வேலையும் செய்தது.

இன்னும் பழைய காரணமும் இருக்கிறது. மார்ஸ்டன் காலத்திலேயே எதிரிகளைக் கொல்வதில்லை. அமேசான்களின் சீர்திருத்தத் தீவுக்கு அனுப்புவார்கள். அங்கே இடுப்பில் வீனஸ் கச்சை கட்டினால் முரட்டுத்தனம் அடங்கும். ப்ரிசில்லாவும் அங்கே இருந்தவள்தான். 1948இல் 28ஆம் இதழில் மற்ற கைதிகளோடு சேர்ந்து தப்புகிறாள். கச்சை கட்டி ஒருத்தியை நல்லவளாக்குவது சீர்திருத்தமா, வேறு பெயரில் இன்னொரு கட்டுப்பாடா என்ற சந்தேகம் அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

15. லாசோவால கட்டிட்டா உண்மை வந்துடும். ரெண்டு நிமிஷத்துல முடியற பிரச்சினையை ஏன் இத்தனை வருஷமா இழுக்கறாங்க?

லாசோ பொய்யை உடைக்கும், காயத்தை ஆற்றாது. 1987இல் பார்பராவின் உள்ளே இருந்தது பொய், அதனால் லாசோ பட்டதும் காட்சி முடிந்தது. 2016இல் அவளைக் கட்டிக் கேட்டாலும் வரும் பதில் 'நீ வரவில்லை' என்பதுதான். அது பொய்யில்லை. சிக்னல் மறிக்கப்பட்டது என்று டயானா சொன்னால் அதுவும் பொய்யில்லை. கயிற்றின் இரண்டு முனையிலும் உண்மை இருந்தால் கயிறு யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லாது.

அதனால்தான் ரக்காவின் தொடரில் இவர்கள் இருவருக்குமான கனமான காட்சிகள் பேச்சாகவே வருகின்றன. அவசரத்தில் வசனத்தைத் தாண்டி அடிதடிப் பக்கத்துக்கு ஓடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி கடைசிவரை நிற்கும்.